நாய்களுக்கும் ‘சினை ஊசி’: குட்டி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

‘ஏஐ’ என்றதும் இன்று எல்லோருக்கும் செயற்கை நுண்ணறிவுதான் நினைவுக்கு வரும். நாய் வளர்ப்பவர்கள், குறிப்பாக பிரீடர்கள் மத்தியில் அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. அவர்கள் ‘ஏஐ போட்டோம்’ என்று சொன்னால், அது செயற்கைக் கருவூட்டல். கிராமத்தில் பசுவுக்குப் போடும் சினை ஊசியின் நாய் வடிவம்.

ஆண் நாயும் பெட்டை நாயும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை. ஒரே நாட்டில்கூட இருக்க வேண்டியதில்லை. ஆண் நாய் உயிரோடு இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. பத்து வருடத்துக்கு முன்பு இறந்துபோன நாய்க்கு இன்று குட்டிகள் பிறக்கலாம்.

கேட்க வியப்பாக இருக்கிறது. ஆனால் இது இயற்கைக்கு விரோதமான கொடுமை என்று ஒரு தரப்பும், இனத்தை மேம்படுத்தும் அறிவியல் என்று மறு தரப்பும் சொல்கின்றன. இரண்டுமே பாதி உண்மைதான். உண்மையில் கேட்க வேண்டியது வேறு ஒன்று: இந்த இரண்டு நாய்களும் ஏன் இயல்பாக இணை சேரவில்லை? அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் நன்மையும் தீமையும் பிரிகின்றன.

புதுசா வந்ததா இது?

இல்லை. பாலூட்டி ஒன்றில் செயற்கைக் கருவூட்டல் வெற்றி பெற்றதாகப் பதிவான முதல் விலங்கே நாய்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியைச் சேர்ந்த பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான லாசரோ ஸ்பல்லன்சானி, பருவத்துக்கு வந்த ஒரு பெட்டை நாயைத் தனியாக அடைத்து வைத்து, ஊசிக்குழல் மூலம் விந்தைச் செலுத்தினார். 62 நாட்களில் அது மூன்று குட்டிகளை ஈன்றது.

அதன் பிறகு இந்தத் தொழில்நுட்பத்தை நாயைவிட மாடுதான் அதிகம் பயன்படுத்திக்கொண்டது. உறைய வைத்த விந்தணுவால் நாய் சினைப்பட்டதை அமெரிக்காவில் ஸ்டீபன் சீகர் 1969-ல் அறிவித்தார். அமெரிக்கன் கென்னல் கிளப் அப்படிப் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தது 1981-ல்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது ‘டெஸ்ட் டியூப்’ குட்டி அல்ல. செயற்கைக் கருவூட்டலில் கரு உருவாவது தாயின் உடலுக்குள்தான். கருமுட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, மீண்டும் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் முறை நாய்களில் கைகூட ரொம்ப காலம் ஆனது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பிறந்த ஏழு குட்டிகளைப் பற்றிய ஆய்வு 2015 டிசம்பரில்தான் வெளியானது. மனிதரில் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை 1978-லேயே பிறந்துவிட்டது. அதற்கு 37 வருடம் கழித்துத்தான் நாய்.

மாட்டுக்குச் சுலபம், நாய்க்கு ஏன் கஷ்டம்?

மாட்டுக்கு ஊசி போட வருபவர், மாடு பருவத்துக்கு வந்த அறிகுறிகளைக் கேட்டுவிட்டு, சில மணி நேரக் கணக்கில் வேலையை முடித்துவிடுவார். மாடு சுமார் 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஒரு முறை தவறினால் மூன்று வாரத்தில் அடுத்த வாய்ப்பு.

நாய் அப்படி இல்லை. பெரும்பாலான நாய்கள் வருடத்துக்கு இரண்டு முறைதான் ஹீட்டுக்கு வரும். ஒரு முறை நாள் தவறினால் ஆறு மாதம் போச்சு.

இரண்டாவது சிக்கல் கருமுட்டை. பெரும்பாலான பாலூட்டிகளில், வெளிவரும் கருமுட்டை உடனே கருவுறத் தயாராக இருக்கும். நாயில் அது முதிராத நிலையில் வெளிவருகிறது. வந்த பிறகு மேலும் இரண்டு, மூன்று நாட்கள் கருக்குழாயில் இருந்து முதிர்ந்தால்தான் விந்தணுவை ஏற்கும். ஐவிஎஃப் இவ்வளவு தாமதமானதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

ரத்தப்போக்கு தெரிந்த நாளிலிருந்து எண்ணி, ‘11, 13ஆம் நாள் மேட்டிங் விடு’ என்பது பழைய கணக்கு. இயல்பான இணைசேர்க்கைக்கு இது ஓரளவு ஒத்துவரும். ஏனெனில் ஆண் நாயின் புதிய விந்தணு பெட்டையின் உடலுக்குள் ஐந்து நாட்களுக்கு மேல்கூட உயிரோடு காத்திருக்கும். ஆனால் கருமுட்டை வெளிவரும் நாள் நாய்க்கு நாய் மாறும். ஒன்றுக்கு முதல் வாரத்திலேயே நடக்கலாம். இன்னொன்றுக்கு மூன்று வாரம் தாண்டலாம்.

அதனால்தான் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவைப் பார்க்கும் பரிசோதனை அவசியமாகிறது. அளவு 2 நானோகிராமைத் தொடும்போது கருமுட்டையை வெளியேற்றும் ஹார்மோன் எழுச்சி நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சுமார் 5 நானோகிராம் வரும்போது கருமுட்டை வெளிவருகிறது. அதிலிருந்து இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் சரியான நேரம். ஒரே ஒரு முறை பார்த்தால் போதாது, ஓரிரு நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நாய் சினைப்படாமல் போனால் ‘ஆண் நாய் சரியில்லை’, ‘விந்து சரியில்லை’ என்று பழி போடுவது வழக்கம். கால்நடை மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது நாள் கணக்கைத்தான்.

ஃப்ரெஷ், சில்டு, ஃப்ரோசன்: என்ன வித்தியாசம்?

விந்தணு மூன்று வகையில் வருகிறது.

ஃப்ரெஷ்: ஆண் நாயிடமிருந்து எடுத்த உடனே பெட்டைக்குச் செலுத்துவது. இரண்டு நாயும் ஒரே இடத்தில் இருந்தும் இணை சேர முடியாதபோது இந்த முறை. வெற்றி வாய்ப்பு அதிகம்.

சில்டு: விந்தணுவுக்கு ஊட்டமும் பாதுகாப்பும் தரும் திரவத்தைச் சேர்த்து, சுமார் 4 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிர்நிலையில் அனுப்புவது. இந்தத் திரவத்தில் பெரும்பாலும் முட்டையின் மஞ்சள் கரு இருக்கும். ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

ஃப்ரோசன்: திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உறைய வைப்பது. பல ஆண்டுகள், கொள்கையளவில் காலவரையறை இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் உருக்கிய பிறகு அந்த விந்தணுவின் ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். முதிர்ந்த கருமுட்டை தயாராக இருக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் சரியாகப் போய்ச் சேர வேண்டும். நாள் கணக்கு தப்பினால் அவ்வளவுதான்.

எங்கே செலுத்துவது என்பதும் முக்கியம். ஃப்ரெஷ் விந்தணுவை யோனிப் பாதையிலேயே செலுத்தலாம். உறைந்த விந்தணு பலவீனமானது. அதைக் கருப்பைக்குள்ளேயே கொண்டு சேர்த்தால்தான் நல்ல பலன். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை நுழைத்து, கருப்பை வாயைத் திரையில் பார்த்தபடி செலுத்துவது. நாய் நின்றபடியே இருக்கும், பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். இன்னொன்று, முழு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, கருப்பைக்குள் நேராக ஊசி போடுவது.

இரண்டாவது முறைதான் பெரிய சர்ச்சை. நாயின் உடல்நலத்துக்குத் தேவையே இல்லாத ஒரு பெரிய அறுவை சிகிச்சையை, குட்டிக்காக மட்டும் செய்வது சரியா? பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ராயல் காலேஜ், இதைச் செய்யக் கூடாது என்ற நிலையை எடுத்துள்ளது. கேமரா குழாய் முறையையும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யலாம் என்கிறது.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. கொரோனா காலத்தில் வீட்டில் முடங்கிய மக்கள் நாய்க்குட்டிகளைத் தேட, விலை எகிறியது. பிரிட்டனில் ‘நாய் கருத்தரிப்பு மையங்கள்’ புற்றீசல் போலப் பெருகின. கால்நடை மருத்துவரே இல்லாத இடங்களில் ரத்தம் எடுப்பது, குழாய் நுழைப்பது என்று எல்லாம் நடப்பதாகப் புகார்கள் கிளம்பின. அங்கே அதிகம் வந்த வாடிக்கையாளர்கள் ஃப்ரெஞ்ச் புல்டாக் வளர்ப்பவர்கள்.

நியாயமான காரணங்கள் எவை?

ஏஐ செய்தாலே தவறு என்று முடிவு கட்டிவிட முடியாது. பல இடங்களில் அது நாய்க்கு நல்லது.

தூரம் ஒரு காரணம். ஹீட்டில் இருக்கும் பெட்டையை ரயிலிலோ விமானத்திலோ பல நூறு கிலோமீட்டர் கொண்டு போவதைவிட, ஒரு சிறிய குளிர்ப்பெட்டியை அனுப்புவது அந்த நாய்க்கு நிம்மதி. ஆண் நாய்க்குக் கால் எலும்பு முறிந்திருக்கலாம், முதுகு வலி இருக்கலாம். முன்பு இயல்பாகக் குட்டி போட வைத்த நாய் வயதானதால் ஏற முடியாமல் போகலாம்.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை உருவாக்கும் அமைப்புகள் பல நாடுகளில் உறைந்த விந்தணுவைப் பயன்படுத்துகின்றன. ஒரே பயிற்சி மையத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப உறவு நாய்களை இணை சேர்ப்பதைத் தவிர்க்க, வேறு நாட்டு மையத்தின் ரத்தவழியை உள்ளே கொண்டுவர இது உதவுகிறது.

அதிகம் பேசப்படாத ஒரு நன்மையும் உண்டு, அது காத்திருப்பு. நாய்களின் சில பரம்பரை இதய நோய்களும் சில புற்றுநோய்களும் ஐந்து, ஆறு வயதுக்குப் பிறகுதான் தலைகாட்டும். ஆனால் ஆண் நாய்களை இரண்டு, மூன்று வயதிலேயே பிரீடிங்குக்கு விட்டுவிடுகிறார்கள். நோய் தெரிய வரும்போது, அதன் குட்டிகளுக்கே குட்டிகள் பிறந்திருக்கும். மூன்று வயதில் விந்தணுவை உறைய வைத்துவிட்டு, அந்த நாய் பத்து வயதிலும் நலமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பயன்படுத்தினால்? அவசரப்படாமல் இருக்க அறிவியல் தரும் ஒரு வசதி இது. சந்தையோ அவசரத்துக்குத்தான் இதைப் பயன்படுத்துகிறது.

‘ஊசி போட்டா நோய் வராது’ என்பது உண்மையா?

பாதி உண்மை. இந்தியத் தெருநாய்களிடம் பரவலாகக் காணப்படும் பாலுறுப்புக் கட்டி நோய், இணைசேர்க்கையின்போது கட்டியின் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொண்டு பரவும் விசித்திரமான புற்றுநோய். நேரடி உடல் தொடர்பு இல்லையென்றால் இந்த ஆபத்து குறையும்.

ஆனால் புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா விந்திலேயே இருக்கும். ஊசி மூலம் போனாலும் பரவும். பாதித்த நாய்க்குக் கரு கலையும், ஆண் நாய் மலடாகும், முழுமையாகக் குணப்படுத்துவது மிகக் கடினம். மனிதருக்கும் தொற்றக்கூடியது. பிரசவத்தின்போது வெளிவரும் திரவங்களைக் கையாளுபவர்களுக்கு ஆபத்து அதிகம். எனவே ஏஐ என்றாலும் இயல்பான மேட்டிங் என்றாலும், இரண்டு நாய்களுக்கும் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்வதுதான் முறை.

அப்போ பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது?

இணை சேரவே முடியாத உடலை உருவாக்கிவிட்டு, அந்தக் குறையை ஊசியால் மறைக்கும்போது.

புல்டாக் இனத்தை எடுத்துக்கொள்ளலாம். தட்டையான முகம், பெரிய தலை, அகன்ற தோள், குறுகிய இடுப்பு. இந்த உடலமைப்போடு ஆண் நாய்க்கு ஏறி நிற்பதே சிரமம். கொஞ்சம் சூடான நாளில் மூச்சு வாங்கிச் சரிந்துவிடும். எனவே பெரும்பாலும் ஏஐ. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு சிறிது. எனவே பெரும்பாலும் சிசேரியன். பிரிட்டன் கென்னல் கிளப்பின் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, பாஸ்டன் டெரியர், புல்டாக், ஃப்ரெஞ்ச் புல்டாக் ஆகிய மூன்று இனங்களிலும் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஈற்றுகள் சிசேரியன் மூலம் நடந்தன என்று காட்டியது.

அறுவை சிகிச்சை மூலம் கருவூட்டி, அறுவை சிகிச்சை மூலமே குட்டியை எடுத்தால், ஒரு ஈற்றுக்கு அந்தத் தாயின் வயிற்றை இரண்டு முறை திறக்க வேண்டியிருக்கிறது.

இயற்கையில், இணை சேர முடியாத விலங்குக்கு வாரிசு இருக்காது. அந்தக் குறை அதோடு நின்றுவிடும். ஊசியும் கத்தியும் அந்தத் தடையை எடுத்துவிடுகின்றன. குறை அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அடுத்த தலைமுறைக்கு ஊசி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

இதை உணர்ந்துதான் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நாய் கூட்டமைப்பான எஃப்சிஐ, தன் இனப்பெருக்க விதிகளில் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நாய்கள் இயல்பாக இனப்பெருக்கம் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. அதற்கு முன் ஒரு முறைகூட இயல்பாக இனப்பெருக்கம் செய்யாத நாய்க்குச் செயற்கைக் கருவூட்டல் செய்யக் கூடாது. இனத்தின் ஆரோக்கியம், பெட்டையின் நலன், மரபணுப் பன்மையைக் காப்பது போன்ற காரணங்களுக்கு மட்டும் அந்தந்த நாட்டு அமைப்பு விலக்கு அளிக்கலாம். எஃப்சிஐயில் இந்தியாவின் சார்பில் இருப்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா.

அதாவது விதி தொழில்நுட்பத்தைத் தடுக்கவில்லை, ‘ஏன்’ என்று கேட்கிறது.

ஒரே அப்பா, நூறு குட்டி: கணக்கு என்ன சொல்கிறது?

இரண்டாவது ஆபத்து, எல்லோரும் ஒரே ‘சாம்பியன்’ நாயைத் தேடி ஓடுவது.

ஒரு சின்னக் கணக்கு. ஓர் இனத்தில் குட்டி போடும் நாய்கள் மொத்தம் 100 என்று வைத்துக்கொள்வோம். 50 ஆண், 50 பெட்டை என்றால், மரபணு அளவில் அது 100 நாய்களின் பலத்தோடு இருக்கும். அதே 100-ல் 10 ஆண், 90 பெட்டை என்றால், பலம் 36 நாய்களுக்குச் சமமாகக் குறையும். ஒரே ஓர் ஆண், 99 பெட்டை என்றால்? வெறும் 4. கண்ணுக்கு நூறு நாய் தெரியும், மரபணுக் கணக்கில் நாலே நாய்.

மரபியலாளர்கள் இதைப் பயனுறு எண்ணிக்கை என்கிறார்கள். ஓர் இனம் நீண்ட காலம் தாக்குப்பிடிக்க இந்த எண் குறைந்தது 50 ஆவது இருக்க வேண்டும் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல். அதற்குக் கீழே போனால், எல்லாக் குட்டிகளும் ஒன்றுக்கொன்று சொந்தமாகிவிடும். அண்ணன் தங்கை, அப்பா மகள் உறவில் பிறந்தவைபோல, மறைந்திருக்கும் நோய் மரபணுக்கள் ஜோடி சேர்ந்து வெளியே வரும்.

மாட்டில் இது நடந்திருக்கிறது. 1962-ல் அமெரிக்காவில் பிறந்த ‘ஆர்லிண்டா சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு சினை ஊசி மூலம் 16,000 மகள்கள். பால் கூடியது, பண்ணைகள் கொழித்தன. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தக் காளை ஒரு குறைபாடுள்ள மரபணுவைச் சுமந்தது தெரிய வந்தது. இரண்டு பக்கமும் அதே மரபணு வந்து சேர்ந்த கன்றுகள் கருவிலேயே கலைந்தன. அப்படிக் கலைந்தவை உலகம் முழுவதும் சுமார் 5 லட்சம் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

நாயில் இந்த அளவுக்கு நடக்காது என்று சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது. ஒரு காளையிடம் ஒரு முறை எடுக்கும் விந்திலிருந்து நூற்றுக்கணக்கான ஊசிகள் தயாராகும். நாயிடமிருந்து ஒரு முறை எடுப்பதில் உறைய வைத்தால் ஒரு சில பெட்டைகளுக்கே போதும். ஆனால் நாய்களின் எண்ணிக்கை மாட்டைப்போல் கோடிக்கணக்கில் இல்லை. சிறிய கூட்டத்தில் ஒரே அப்பாவுக்கு முப்பது ஈற்று என்பதே பெரிய சுமை. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் பிரிட்டனின் 10 நாய் இனங்களின் வம்சாவளிப் பதிவுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அவற்றில் ஏழு இனங்கள் ஆறே தலைமுறைகளில் தங்கள் தனித்துவ மரபணு வகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்திருந்தன. அந்த இழப்பு பெரும்பாலும் சாதாரண மேட்டிங்கிலேயே நடந்தது. தூரம், வயது, மரணம் என்று மிச்சமிருந்த தடைகளையும் உறைவிந்து எடுத்துவிடுகிறது.

ராஜபாளையத்துக்கு இதில் என்ன வேலை?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. தமிழ்நாட்டின் நாட்டு நாய்கள் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர்கள். இந்திய அஞ்சல் துறை 2005-ல் வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. பிரதமர் மோடி 2020 ஆகஸ்டில் ‘மன் கி பாத்’ உரையில் இந்திய இன நாய்களைப் பற்றிப் பேசியபோது இவற்றைக் குறிப்பிட்டார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு, ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. சென்னை சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவும் இயங்கி வந்திருக்கிறது.

பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் பெருமை கூடும்போது, தேவை கூடுகிறது. தேவை கூடும்போது எல்லோரும் அதே சில ஆண் நாய்களைத் தேடிப் போகிறார்கள். ராஜபாளையத்தில் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் ‘ஒரிஜினல்’ என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததன் விலை, காது கேளாமல் பிறக்கும் குட்டிகள். முழு வெள்ளை நிறத்தையும் காது கேளாமையையும் நிறமி செல்களின் பற்றாக்குறை இணைக்கிறது. இந்தச் சிக்கல் வேறு பல வெள்ளை நாய் இனங்களிலும் உண்டு.

இங்கே ஏஐ இரண்டு பக்கமும் வெட்டும். ஷோவில் ஜெயித்த ஒரே வெள்ளை நாயின் விந்தை ஊர் ஊராக அனுப்பினால், மேலே சொன்ன ‘நூறு நாய், நாலு நாய்’ கணக்கு ராஜபாளையத்துக்கும் பொருந்தும். மாறாக, விருதுநகர், தூத்துக்குடி, தேனி என்று சிதறிக் கிடக்கும், சான்றிதழே இல்லாத, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ஆரோக்கியமான நாய்களைத் தேடிப் பிடித்து, காது கேட்கிறதா என்று சோதித்து, அவற்றின் விந்தணுவை உறைய வைத்தால் அது ஒரு விதை வங்கி. பாரம்பரிய நெல்லைக் காப்பாற்ற விதைகளைச் சேர்த்து வைப்பதுபோல.

இப்படிச் செய்து பலன் கண்ட உதாரணமும் உண்டு. வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் என்ற சிறு விலங்கு அழிவின் விளிம்பிலிருந்து மீண்டது. இன்று பெருகியிருப்பவை ஏறக்குறைய எல்லாமே ஏழு விலங்குகளின் வாரிசுகள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தினர் 10 முதல் 20 ஆண்டுகள் வரை உறைந்திருந்த விந்தணுவைப் பயன்படுத்தி எட்டுக் குட்டிகளைப் பிறக்க வைத்ததை 2015-ல் அறிவித்தார்கள். இறந்துபோன விலங்குகளின் தொலைந்துபோன மரபணுக்கள் கூட்டத்துக்குத் திரும்பின, உள்ளினக் கலப்பு குறைந்தது.

கருவி ஒன்றேதான். ஒன்று பிரபலமான அப்பாவைப் பெருக்குகிறது. இன்னொன்று மறந்துபோன அப்பாக்களைத் திரும்பக் கொண்டுவருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, பிரீடர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப், பதிவேடு, கால்நடை மருத்துவப் பரிசோதனை போன்றவையும் கட்டாயம்.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒரு படி மேலே போனது. பக், ஃப்ரெஞ்ச் புல்டாக், பாசெட் ஹவுண்ட், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சவ் சவ் உட்பட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. சில, நம் வெயிலுக்கு ஒத்துவராதவை. சில, உடலமைப்பே நோயாக இருப்பவை. கென்னல் கிளப்களிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது.

ஒரு விஷயம் அந்த விவாதத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. இனத்தின் பெயரைச் சொல்லித் தடை செய்வது சுலபம், நடைமுறைப்படுத்துவது கடினம். அதைவிடத் தெளிவான அளவுகோல் ஒன்று உண்டு. இந்த நாயால் இயல்பாக இணை சேர முடிகிறதா? இயல்பாக ஈன முடிகிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், இனம் எதுவாக இருந்தாலும் அந்த ரத்தவழியைத் தொடர்வதற்கு வலுவான காரணம் சொல்ல வேண்டியது பிரீடரின் பொறுப்பு.

குட்டி வாங்குபவர் என்ன கேட்கலாம்?

ஏஐ மூலம் பிறந்த குட்டிக்கும் இயல்பாகப் பிறந்த குட்டிக்கும் உடலளவில் எந்த வித்தியாசமும் கிடையாது. ‘ஏஐ லிட்டர்’ என்பது தரத்துக்கான முத்திரையும் அல்ல, குறையும் அல்ல. எனவே விலை கூட்டிக் கேட்டால் மயங்க வேண்டாம். கீழே உள்ளவற்றைக் கேளுங்கள்.

ஏன் ஏஐ? ‘ஆண் நாய் வெளியூரில் இருந்தது’ என்பது ஒரு பதில். ‘இந்த பிரீடு அப்படித்தான் சார், மேட்டிங் ஆகாது’ என்பது வேறு பதில்.

தாய்க்கு முன்பு இயல்பான பிரசவம் நடந்திருக்கிறதா? எத்தனை ஈற்று, எத்தனை சிசேரியன்?

கருவூட்டல் செய்தது யார்? பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் என்றால் பரிசோதனைச் சீட்டும் ரசீதும் இருக்கும்.

இரண்டு நாய்களுக்கும் புருசெல்லா பரிசோதனை செய்த அறிக்கை இருக்கிறதா?

அப்பா நாய் இதுதான் என்பதற்கு டிஎன்ஏ ஆதாரம் உண்டா? வெளிநாட்டு சாம்பியனின் உறைவிந்து என்று சொல்வதை வெறும் பேச்சில் நம்ப வேண்டியதில்லை. ஒரே ஈற்றில் இரண்டு அப்பாக்களின் குட்டிகள் இருப்பதும் நாய்களில் சாத்தியம். உறைவிந்தில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்ய அமெரிக்கன் கென்னல் கிளப் ஆண் நாயின் டிஎன்ஏ விவரத்தைக் கேட்பது இதற்காகத்தான்.

அந்த அப்பாவுக்கு இதுவரை எத்தனை ஈற்று? எண் பெரிதாக இருந்தால் அது பெருமை அல்ல, எச்சரிக்கை.

நல்ல பிரீடர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பலர் கேட்பதற்கு முன்பே காகிதங்களை எடுத்து வைப்பார்கள். ‘அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?’ என்று பதில் வந்தால், முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடலாம். சந்தையில் எந்த மாதிரி குட்டி பிறக்க வேண்டும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது ஊசி போடுபவர் அல்ல, காசு கொடுத்து வாங்குபவர்.